ஊசிக்குப் பேரம்

ஒரு பெண்ணின் உயிர் அந்த வருஷம் கோயமுத்தூரில் மாதம் இருபத்திரண்டு ரூபாய்க்குக் கிடைத்தது. விலை சொன்னவர் ஆர்.எஸ்.புரத்தில் கீழே வைத்தியசாலையும் மேலே குடித்தனமுமாகப் புது வீடு கட்டியிருந்த டாக்டர் வரதராஜுலு. கேட்டவர் மேட்டுப்பாளையம் பாக்கு மண்டி பொங்கியண்ணன். பெண், அவருக்கும் பழனாத்தாளுக்கும் பிறந்த ஒரே மகள் தெய்வாத்தாள். வயது பதினாறு.

ஆடி மாதம் அது. நாலைந்து நாளுக்கு முன்னால் அவளை வாடகைக் காரில் கொண்டுவந்து இறக்கியபோது கண் செருகி, உதடு வெடித்து, எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். குடத்துத் தண்ணீரைக் குடித்தும் தாகம் அடங்காமல், தின்ற சோறெல்லாம் எங்கே போகிறதென்று தெரியாமல், ஒரே மாதத்தில் பாதி உடம்பு காணாமல் போயிருந்தது. சர்க்கரை வியாதி என்றார் டாக்டர். இன்சுலின் என்று ஓர் ஊசி போட்டார். பேரம் நடந்த அன்றைக்கு அவள் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "ஏனுங்க, இந்த ஊட்டுல வந்த ஒறம்பரைக்குச் சோறு போடற வழக்கமே இல்லீங்களா? வந்ததிலிருந்து குத்தீட்டே இருக்கறீங்க," என்று நர்ஸம்மாளைக் கேட்டாள். அடுத்த அறையில் அந்தக் குரலைக் கேட்டதும் பொங்கியண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையோடு பேரத்தையும் ஆரம்பித்தார்.

"இருபத்திரண்டுங்களா. மாசா மாசம் எடுக்கற சரக்குங்க. மொத்தமா எடுத்துக்கறேன், பாத்துச் சொல்லுங்க."

"மொத்தமா எடுத்தாக் கெட்டுப்போகும். மெட்ராஸ்ல இருந்து மெயில் வண்டியில வருதுங்க."

"செரி, அளவுல வாங்க. காலையில ஒண்ணு, பொழுதோட ஒண்ணுங்கறீங்க. காலையில மட்டும் போட்டாப் பத்தாதுங்களா?"

"காலையில மட்டும் மூச்சு உட்டாப் பத்துமுங்களா?"

பொங்கியண்ணன் அசரவில்லை. பாக்கு மண்டியில் இதைவிடக் கடுமையாகப் பேசுவார்கள். "எத்தனை மாசத்துக்குப் போடோணுமுங்க?"

"உசுரு இருக்கற மட்டும்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. எந்த வியாபாரிதான் முதலில் அப்படிச் சொல்லமாட்டான்?

அவரைக் கஞ்சன் என்று நினைத்துவிடக் கூடாது. அன்றைக்குக் கேட்ட பணத்தை அப்படியே எடுத்து வைத்துவிட்டுத்தான் படியிறங்கினார். மகளுக்குக் காசுமாலை வாங்கியபோதும் ஆசாரியிடம் ஒரு பகல் முழுக்க வாதாடி, அவனைத் தண்ணீர் குடிக்க வைத்து, கடைசியில் முதலில் நினைத்ததைவிடப் பெரிய மாலையாக வாங்கிக்கொண்டு வந்தவர். விஷயம் பணமே இல்லை. சொன்ன விலையைச் சொன்னபடி கொடுப்பது விற்பவனுக்குச் செய்கிற துரோகம் என்று நினைக்கிற கூட்டத்தில் அவர் வளர்ந்தார். இத்தனை சுலபமாக ஒத்துக்கொண்டானே, இன்னும் ரெண்டு கேட்டிருக்கலாமோ என்று அவனுக்கு ராத்திரிச் சோறு இறங்காதல்லவா?

ஆனால் இந்த ஊசி விஷயத்தில் அவருக்குப் பேரத்தைவிடப் பெரிய தைரியம் ஒன்று இருந்தது. அது அவருடைய சொந்த வயிறு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பொங்கியண்ணன் வேறொரு அளவில் இருந்தார். மண்டியில் உட்கார்ந்தே வளர்த்த உடம்பு. பேரம் படிகிற வரைக்கும் தட்டில் முறுக்கும் எள்ளுருண்டையும் இருக்க வேண்டும். பேரமோ லேசில் படியாது. மூட்டை நிறுக்கிற தராசில் ஒரு நாள் விளையாட்டாக ஏறி உட்கார்ந்தபோது, சுமை தூக்குகிற சின்னான், "இன்னொரு மூட்டை வெச்சாத்தானுங்க தட்டு அசையும்," என்றான். எல்லாரோடும் சேர்ந்து அவரும் சிரித்தார். பிறகு அவர் ஒதுங்கிய இடத்தில் எறும்பு மொய்க்க ஆரம்பித்தது. இதே வரதராஜுலுதான் பார்த்தார். "உங்களுக்கு ஊசி கீசி வேண்டாமுங்க. வாயைக் கட்டுங்க, காலை அவுத்து உடுங்க," என்றார்.

வாயைக் கட்டக் கைகொடுத்தவர் நாட்டு மருந்துக் கடை யூனுஸ் ராவுத்தர். சிறுகுறிஞ்சான் இலை, ஆவாரம்பூ, நாவல் கொட்டைப் பொடி என்று பொட்டலம் பொட்டலமாகக் கொடுத்தார். பொங்கியண்ணன் விடிவதற்குள் பவானிப் பாலம் வரைக்கும் நடந்தார். சோற்றைக் குறைத்துக் கம்பங்களியும் கொள்ளுப் பருப்பும் தின்றார். பாகற்காயைப் பச்சையாகக் கடித்தார். ஒரு வருஷத்தில் வயிறு உள்ளே போயிற்று. எறும்பு வேறு இடம் பார்த்துக்கொண்டது. டாக்டரே முதுகில் தட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகு மேட்டுப்பாளையத்தில் யார் கொஞ்சம் தொப்பை போட்டாலும் தப்பிக்க முடியவில்லை. பாக்கு வாங்க வந்தவனையெல்லாம் உட்கார வைத்து இலை மகிமை சொன்னார். யூனுஸ் ராவுத்தர் கூலி கொடுக்காமல் வைத்துக்கொண்ட ஏஜெண்டு என்று மண்டியில் பேச்சு.

அதில் அவருக்கு வந்த பாடம் இது: பெருத்தால் சர்க்கரை வரும், இளைத்தால் போகும், இலை தின்றால் திரும்பி வராது. ஒரு பாக்கை எடுத்துப் பாக்குவெட்டியால் இரண்டாக வெட்டி, உள்ளே வரியைப் பார்த்து, மொத்த மூட்டைக்கும் விலை சொல்லுகிற தொழில் அவருடையது. இந்த வியாதிக்கு அவரே வெட்டிப் பார்த்த பாக்கு.

மகளை வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். சமையலறை மூலையில் ஆற்று மணலைக் கொட்டி, நனைத்து, அதில் பானையைப் புதைத்து, பானைக்குள் மருந்துக் குப்பியை வைத்தாள் பழனாத்தாள். ஊசி குத்தப் பழகுவதற்கு வாழைத்தண்டை வெட்டி வந்தாள். அதில் அழகாகக் குத்தினாள். மகளின் தொடையைப் பார்த்ததும் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

"வாழைத்தண்டு அழாது, நான் அழுவேன்," என்றாள் தெய்வாத்தாள். "அதுக்குன்னு உட்டறாதீங்கம்மா. கண்ணை மூடீட்டுக் குத்துங்க. நீங்க மூடாதீங்க, நான் மூடிக்கறேன்."

டாக்டர் ஒரு நீலத் தண்ணீரும் கொடுத்திருந்தார். அதில் சில சொட்டு மூத்திரம் விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம், மஞ்சளானால் அதிகம், செங்கல் நிறம் வந்தால் உடனே புறப்பட்டு வந்துவிட வேண்டும். ஆவணியிலும் புரட்டாசியிலும் நிறம் மெல்ல மெல்லத் திரும்பி நீலத்துக்கு வந்தது. தெய்வாத்தாளுக்குக் கன்னத்தில் சதை வைத்தது. கழுத்தெலும்பு மறைந்தது. பழைய ரவிக்கை பற்றாமல் போயிற்று. பழனாத்தாள் மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுத்தாள். வீட்டில் அந்தச் சதையைப் பார்த்துப் பயந்தவர் ஒருவர்தான்.

"ஏ புள்ள, ஊசி போட்டதுலருந்து இவ பெருத்துட்டே போறாளே," என்றார் மனைவியிடம்.

"தேறிட்டு வாராளுங்க. கண்ணு வெக்காதீங்க."

"நானும் இப்படித்தான் தேறுனேன். எங்க கொண்டுபோய் உட்டுது?"

அடுத்த நாளே ஊசியோடு இலையும் சேர்ந்தது. சிறுகுறிஞ்சானை மென்றால் நாக்கில் இனிப்பு செத்துப்போகும். அதன் மேல் சர்க்கரையை அள்ளிப் போட்டாலும் ஆற்று மணல்தான். தெய்வாத்தாள் மென்று முழுங்கிவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"அப்பா, ஊசி சுருக்குன்னு குத்தீட்டுப் போயிருதுங்க. இந்தத் தழை பொழுதன்னைக்கும் வாயிலயே குடியிருக்குது. எனக்கு ஊசியே பரவால்லீங்கப்பா."

அப்பன் மனசு நோகக் கூடாதென்று மகள் வலியை மறைத்துப் பேசுகிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். மண்டியில் ஒருவன் வேண்டாம் என்றால் வேண்டும் என்று பொருள். பரவாயில்லை என்றால் பரவாயில்லை அல்ல என்று பொருள். நேராகச் சொன்னதை நேராகக் கேட்டுக்கொள்ளுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

ஐப்பசி முடிகிற சமயம் ஒரு நாள் காலை. ஊசி போட்டுச் சோறு உண்பதற்குள் ஆட்டுக்கல் பக்கம் போன தெய்வாத்தாள் வேர்த்து, கை கால் உதறி, அப்படியே சரிந்தாள். அப்படி ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லி வைத்திருந்தார். பழனாத்தாள் வெல்லத்தைக் கரைத்து வாயில் விட்டாள். சற்று நேரத்தில் கண்ணைத் திறந்து, "நல்லவேளை, தழை திங்கறதுக்கு முன்னால உழுந்தேன். வெல்லம் இனிச்சுதுங்கம்மா," என்றாள். தாய் சிரித்துக்கொண்டே அழுதாள். தகப்பனுக்கு அந்த ஊசியின் மேல் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிற்று.

மறுநாள் மூவரும் ரயிலேறிக் கோயமுத்தூர் போனார்கள். டாக்டர் எல்லாம் சோதித்துப் பார்த்து, "அளவு ஜாஸ்தியாப் போச்சுங்க. சாயங்கால ஊசி வேண்டாம். காலையிலயும் கொறைச்சாப் போதும்," என்றார். "உங்களுக்கும் செலவு கொறையுது. மாசம் ஏழு ரூவாயில முடிஞ்சிரும்."

"ஏழுங்களா?" என்றார் பொங்கியண்ணன்.

"சில பேருக்கு ஆரம்பத்துல இப்படிக் கொஞ்ச நாள் தணியும். அப்பறம் திரும்பி வந்துரும். நான் கொறைச்சிருக்கறேன், நிறுத்தலை. நிறுத்தக் கூடாது. நீலத் தண்ணியைப் பாத்துட்டே இருங்க."

இந்தப் பேச்சு முழுவதும் பொங்கியண்ணன் காதில் விழுந்தது. உள்ளே போனது ஏழு ரூபாய் மட்டும்.

திரும்பி வருகிற ரயிலில் அவர் யோசித்துக்கொண்டே வந்தார். இருபத்திரண்டு சொன்னவன், யாரும் கேட்காமலே ஏழுக்கு இறங்குகிறான் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? இதை மண்டியில் பால் குடிக்கிற பிள்ளை கூடச் சொல்லும். சரக்கில் அவனுக்கே நம்பிக்கை இல்லை. விற்பவன் தானாக ஒரு படி இறங்கினால், வாங்குபவன் வேஷ்டியைத் தட்டிக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். நாலு எட்டு வைப்பதற்குள் மிச்சப் படியையும் இறங்கி வந்து கையைப் பிடிப்பான். அவர் அப்படி எழுந்து போய்த்தான் வாழ்க்கையில் எல்லாவற்றையும் சம்பாதித்திருந்தார். காரமடை தாண்டும்போது அவர் மனசுக்குள் வேஷ்டியைத் தட்டிவிட்டார். சர்க்கரை தணிந்தது இலையால். மயங்கி விழுந்தது ஊசியால். கணக்கு அத்தனை சுத்தமாக இருந்தது.

இனி ஊசி வேண்டாம் என்று வீட்டில் சொன்னபோது பழனாத்தாள் இரண்டு கையையும் விரித்து நின்றாள். "நிறுத்தக் கூடாதுன்னு அந்த மனுசன் அத்தனை தடவை சொன்னாருங்களே!"

"விக்கறவன் வாங்காதேம்பானா? எனக்கு என்ன சொன்னாரு? வாயைக் கட்டுன்னாரு. கட்டினேன். போச்சு. அவ என்ற ரத்தம் தானே? எனக்குக் கேட்டது அவளுக்குக் கேக்காதா?"

"உங்களுக்கு வந்தப்ப நீங்க நெல்லுக் குதிராட்டம் இருந்தீங்க. இவளுக்கு வந்தப்ப ஈர்க்குச்சியாட்டம் இருந்தா. ரெண்டும் ஒண்ணுங்களா?"

அந்தக் கேள்வி சரியான கேள்வி. அவர் மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இலை வாங்கப் போனார்.

யூனுஸ் ராவுத்தர் பொட்டலத்தைக் கட்டிவிட்டுக் கையில் கொடுக்காமல் வைத்துக்கொண்டார். "கவுண்டரே, இத்தனையும் உங்களுக்குத்தானுங்களா?"

"புள்ளைக்கு. ஊசியை நிறுத்திப்போட்டேன்."

"புள்ளைக்குன்னா நான் சொல்லமாட்டேனுங்க. ஒடம்பு பெருத்து, வயசாகி வந்தவங்களுக்குக் குடுத்திருக்கறேன், கேட்டுருக்குது. இத்தனை சின்னப் பொண்ணுக்கு எனக்குத் தெரியாதுங்க. டாக்டரைக் கேட்டுட்டு வாங்க, நானே கொண்டாந்து தாரேன்."

பொங்கியண்ணனுக்கு உற்சாகமாகிவிட்டது. "பாய், சரக்கை இறுக்கிப் புடிக்கறீங்க. அப்ப வெலை ஏறப்போகுது!"

"சத்தியமா அது இல்லீங்க."

"எது இல்லையோ அதுக்கும் சேத்து வெச்சுக்கங்க," என்று காசைப் பலகையில் போட்டுப் பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு வந்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லுகிற வியாபாரியைப் பார்த்தால் அவருக்கு வாங்கத் தோன்றும்; வாங்கு என்று சொல்லுகிற வியாபாரியைப் பார்த்தால் எழுந்து போகத் தோன்றும். ஒரே மாதத்தில் இரண்டு பேர் அவரிடம் உண்மையைச் சொன்னார்கள். இரண்டையும் அவர் விலையாகவே கேட்டார்.

கொடுமை என்னவென்றால், அவர் சொன்னபடியே நடந்தது. கார்த்திகை முழுக்க நீலத் தண்ணீர் நீலமாகவே இருந்தது. மார்கழியில் லேசாகப் பச்சை தட்டியது. இலையை ஒரு வேளை கூட்டினார். தெய்வாத்தாள் கோலம் போட்டாள், சொக்கட்டான் ஆடினாள், தோற்றவர்களைக் கிண்டல் செய்தாள். தகப்பனோடு பாலம் வரைக்கும் நடந்தாள். வழியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அவர், "என்ற மக ஊசியை உட்டு ஒழிச்சுட்டா. எல்லாம் தழை!" என்றார். ஒருநாள் அவள் காதோரம், "அப்பா, நாலு பேரு போற ரோட்டுல என்னையத் தழை திங்கற ஆட்டுக்குட்டியாட்டம் காட்டாதீங்க. எவனாச்சும் பல்லைப் புடிச்சுப் பாத்து வெலை கேட்டுப்போடுவான்," என்றாள். அதையும் அவர் மண்டியில் போய்ச் சொல்லிச் சிரித்தார்.

தை பிறந்தது. கன்னம் வற்றியது. ரவிக்கை மறுபடியும் தொளதொளவென்று ஆயிற்று. பொங்கலுக்கு விருந்தாட வந்த உறவுக்காரப் பொம்பளைகள் மோவாயைப் பிடித்து, "நம்ம தெய்வாவா இது! கொடியாட்டம் ஆயிட்டாளே," என்றார்கள். பொங்கியண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. இளைத்தால் வியாதி போகிறது என்று அவர் உடம்பே அவருக்குச் சாட்சி சொல்லியிருந்தது.

ஒரு நாள் மண்டியிலிருந்து நேரத்தோடு வந்தவர் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். தெய்வாத்தாள் குடத்தைச் சாய்த்து வாயோடு வைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். தொண்டை ஏறி இறங்கியது. நிறுத்தாமல் குடித்தாள். அவரைப் பார்த்ததும் குடத்தை இறக்கி, மோவாயில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன கண்ணு, இத்தனை தாகம்?"

"வெயிலுங்கப்பா."

தை மாதத்தில் வெயில். கட்டின மூட்டைக்குள் ஒரு பாக்கு ஈரமாக இருந்தாலும் வெளியில் நின்றே மோந்து சொல்லிவிடுகிறவர், மகள் சொன்ன அந்த வெயிலை மறுவார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டார். அன்றைக்குத்தான் அவர் வாழ்க்கையில் பேரம் பேசாமல் ஒன்றை வாங்கினார். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது பழனாத்தாளுக்குத் தெரியும். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாரே, அந்தச் சந்தோஷம் கெட்டுவிடக் கூடாதென்று பெண் தாகத்தை ஒளித்துவைத்துக் குடித்தாள்.

நீலத் தண்ணீர் மஞ்சளாயிற்று. மாசியில் ஒரு காலை செங்கல் நிறம் காட்டியது. பழனாத்தாள் அதைக் கணவரின் முகத்துக்கு நேரே பிடித்தாள். "கோயமுத்தூர் போலாமுங்க."

"மருந்துத் தண்ணி பழசாயிருக்கும்."

"புதுசு வாங்கவாச்சும் போலாமுங்க."

"காரமடைத் தேரு வருது. கூட்டம் ரயிலை அடைச்சுக்கும். தேரு முடியட்டும், போலாம்."

தாய் அன்றைக்கு ஒரு நல்ல வார்த்தைக்கும் மசியாமல் சண்டை போட்டாள். தெய்வாத்தாள்தான் இருவருக்கும் நடுவில் வந்து, "தேரைப் பாத்துட்டே போலாமுங்கம்மா. ஊசி எங்கயும் ஓடிராது," என்றாள்.

தேருக்குப் போய் வந்த மறுநாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. அடுத்து வாந்தி. இலையைக் கொடுத்தால் இலை வெளியே வந்தது, தண்ணீரைக் கொடுத்தால் தண்ணீர் வெளியே வந்தது. விடிகிற நேரத்தில் நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் குனிந்த பொங்கியண்ணனுக்கு அவள் மூச்சில் பழுத்து அழுகிய கொய்யாப்பழம் மாதிரி ஒரு வாசனை அடித்தது. மூச்சு ஆழமாக, யாரோ உள்ளிருந்து துருத்தி ஊதுவதுபோல் வந்தது. அவர் எழுந்து தெருவுக்கு ஓடினார். காருக்கு என்ன கூலி என்று கேட்காமலே கூட்டி வந்தார்.

காரமடைப் பக்கம் தேர் பார்த்துத் திரும்புகிற வண்டிகள் சாலையை மறித்துக்கொண்டு ஊர்ந்தன. டிரைவர் ஹாரனை அமுக்கி அமுக்கி ஓய்ந்தான். பின் இருக்கையில் தாய் மடியில் தலையும் தகப்பன் மடியில் காலுமாகக் கிடந்த தெய்வாத்தாள் கண்ணைத் திறந்தாள்.

"அப்பா."

"சொல்லு கண்ணு. சொல்லு சாமி."

"இந்தத் தடவை டாக்டரு சொன்ன வெலையைக் குடுத்துருங்கப்பா."

சிரித்தாளா என்பது அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. உதடு காய்ந்து பல்லில் ஒட்டியிருந்தது. அதற்கப்புறம் அவள் பேசவில்லை.

டாக்டர் பார்த்தவுடனே ஊசி போட்டார். பிறகும் போட்டார். காலில் நரம்பைப் பிடித்து உப்புத் தண்ணீர் ஏற்றினார். பொங்கியண்ணன் மடியில் முடிந்திருந்த பணத்தையெல்லாம் மேஜையில் கொட்டி, "எத்தனை ஊசின்னாலும் போடுங்க சாமி. வெலை கேக்கமாட்டேன். ஒண்ணும் கேக்கமாட்டேன்," என்று சொல்லிக்கொண்டே நின்றார். அந்தப் பணத்தை யாரும் பார்க்கவில்லை. மத்தியானம் சாய்ந்த பிறகு அந்த ஆழமான மூச்சு மெல்ல மெல்ல மேலே வந்து நின்றுபோயிற்று. பழனாத்தாள் ஊசி குத்துகிற இடத்தைத் தொடையில் தேடித் தேடித் தடவிக்கொண்டிருந்தாள்.

காரியங்கள் முடிந்தன. பழனாத்தாள் வீட்டில் சமைத்தாள், போட்டாள், பேசவில்லை. திட்டியிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார். பதில் சொல்லிப் பழகிய வாய். பங்குனியில் ஒரு நாள் அவர் தனியாக ரயிலேறி ஆர்.எஸ்.புரம் போனார். நோயாளிகள் எல்லாரும் போகிற வரைக்கும் பெஞ்சியில் உட்கார்ந்திருந்துவிட்டு உள்ளே போனார்.

டாக்டர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "மருந்துக்கு வராதப்பவே நான் ஒரு ஆள் அனுப்பிச்சிருக்கோணுமுங்க. வேற டாக்டர்கிட்டப் போயிட்டீங்களாட்ட இருக்குதுன்னு உட்டுட்டேன். எம்மேலயும் தப்பு இருக்குது."

"எனக்குக் கேட்ட தழை அவளுக்கு ஏனுங்க கேக்கலை?"

"உங்க தழையைக் குத்தம் சொல்லமாட்டேனுங்க. கெணறுன்னு வெச்சுக்கங்க. உங்க கெணத்துல ஊத்து இருந்துது, தூர் அடைச்சுட்டு இருந்துது. கொள்ளும் கம்பும் தின்னு, நடந்து, தூர் எடுத்துட்டீங்க, தண்ணி வந்துது. புள்ளைக்கு ஊத்தே வத்திப்போச்சு. நடுவுல கொஞ்ச நாள் கசிஞ்சுது. அதைப் பாத்துத்தான் ஊசியைக் கொறைச்சேன். வத்துன கெணத்துக்கு வெளியில இருந்துதான் தண்ணி ஊத்தோணும்."

பொங்கியண்ணன் தலையை ஆட்டினார். கிணறு அவருக்குப் புரிந்தது. 

"ஒண்ணு கேக்கோணுமுங்க. ஊசியை உடாமப் போட்டிருந்தா, இன்னும் எத்தனை வருஷம் இருந்திருப்பா?"

"அதை இப்பக் கேட்டு என்னங்க பண்றது."

"தெரியோணுமுங்க."

டாக்டர் தயங்கினார். "புது மருந்து. கடைசி வரைக்கும் பாத்தவங்க இன்னும் யாருமில்லை. இருபது வருஷம் சொல்லலாம். மேலயும் இருக்கலாம்."

"இருபதுங்களா." பொங்கியண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பதினஞ்சுன்னு வெச்சுக்கலாமுங்களா?"

டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தார். எதற்குப் பேரம் நடக்கிறது என்று புரிய அவருக்குச் சற்று நேரம் ஆயிற்று. "வெச்சுக்கலாமுங்க," என்றார்.

"ஊருக்குள்ள காலரா வருது, காச்சல் வருதுங்க. கலியாணம் ஆனாப் பிரசவம் வேற இருக்குது. பத்துங்களா?"

"செரி. பத்து."

"அஞ்சு?"

"அஞ்சுன்னே வெச்சுக்கங்க."

"மூணு..."

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "கவுண்டரே, அஞ்சுக்குக் கீழ என்னால இறங்க முடியாதுங்க."

பொங்கியண்ணன் உட்கார்ந்தே இருந்தார். பிறகு கும்பிட்டுவிட்டு எழுந்தார்.

சாயங்கால ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கணக்குத் தானாக ஓட ஆரம்பித்தது. நிறுத்தப் பார்த்தார், நிற்கவில்லை. ஊசியை நிறுத்தியது நாலு மாதம். மாதம் ஏழு ரூபாய் வீதம் மிச்சம் இருபத்தெட்டு. இலைக்குக் கொடுத்தது நாலு போக, வரவு இருபத்துநாலு ரூபாய். எதிர்ப்பக்கம் தெய்வாத்தாள் கணக்கில், எத்தனை அடித்துக் கேட்டும் குறையாத தொகை ஐந்து வருஷம். இருபத்துநாலு ரூபாயை அதில் எங்கே கழிப்பதென்று ஸ்டேஷன் வரும்வரை பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு நாள் கூடக் கழியவில்லை. ஐந்து வருஷமும் முழுசாக அவர் பேரில் பாக்கி நின்றது.